லெனூபா மொழிக்கு ஒரு குறி

வானொலி நிலையத்தில் அவளுக்கு 'மூணெழுத்து' என்று பெயர். எதிரில் வந்தால் 'மூணெழுத்து அக்கா', அந்தப் பக்கம் போனால் வெறும் 'மூணெழுத்து'. அவளுக்கு இரண்டும் தெரியும். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. ஒரு பாட்டைக் கணினியில் கோப்பாக வைக்கும்போது பாட்டு மட்டும் தனியாக உள்ளே போய் உட்காருவதில்லை. பாடியவர் யார், இசை யார், எந்த ஆண்டு என்று விவரங்களும் கும்பலாகக் கூடப் போகின்றன. அந்தக் கும்பலின் கடைசியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், 'மொழி' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மூன்றெழுத்தில் ஒரு குறி போட வேண்டும். உலகத்து மொழிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு குறி கொடுத்து யாரோ புண்ணியவான்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்த்து எடுத்துப் போட வேண்டியதுதானே, இதற்கு ஓர் ஆளா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்களைப் பிடித்து உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும். பல்லவி ஒரு மொழியில் இருக்கும், சரணம் இன்னொன்றில் இருக்கும், நடுவில் ஒருவன் வந்து மூன்றாவது மொழியில் கத்திவிட்டுப் போவான். இசைத்தட்டின் உறையில் இவை எதுவுமில்லாத நான்காவது மொழியை அச்சடித்திருப்பார்கள். அப்போது தெரியும் சங்கதி.

மற்ற நிலையங்களில் உறையைப் பார்த்துக் குறி போடுவார்கள். இவள் பாட்டை முழுக்கக் கேட்டுத்தான் போடுவாள். புரியாத மொழியென்றால் அந்த மொழிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மாடிப்படியில் நிற்க வைத்தாவது கேட்க வைப்பாள். சலவைக் கடைக்காரர், பல் வைத்தியர், எதிர்க் கட்டடத்து லிஃப்ட்காரர் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் அவளுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தவர்கள்தாம். 'எந்த மொழி என்று தெரியவில்லை' என்பதற்கும் பட்டியலில் ஒரு குறி இருக்கிறது. அதைப் போடுவதென்றால் மட்டும் அவளுக்கு உயிரே போய்விடும்.

கறாருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த நிலையத்தில் பாட்டுகளை அறிவிப்பது மனிதர் அல்ல, ஓர் இயந்திரப் பெண்குரல். அதற்கு அங்கே 'சின்னம்மா' என்று பெயர். கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சின்னம்மா அப்படியே வாசித்துவிடுவாள். யோசிக்கிற கெட்ட பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஒரு முறை நிலையத் தலைவர் அவசரத்தில், முழுக்க முழுக்கச் சீட்டியடித்தே வாசித்த ஒரு பாட்டுக்குக் கைக்கு வந்த குறியைப் போட்டுவிட்டார். சின்னம்மா கொஞ்சமும் கூசாமல், "அடுத்து வருவது டேனிஷ் மொழிப் பாடல்" என்றாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து மொழிக் கட்டத்தில் மூணெழுத்தைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது என்று தலைவரே உத்தரவு போட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் பழைய இசைத்தட்டுத் தொகுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. மூடிப்போன ஏதோ ஒரு ஹோட்டலின் பரணில் கிடந்தவற்றை யாரோ கோப்புகளாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு பாட்டில் ஆண்குரல் ஒன்று வந்தது. கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் கெஞ்சலாக. இரண்டு வரி போவதற்குள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று காலையில்தான் அந்தக் குரல் அவளிடம், "என் கண்ணாடியப் பாத்தியாம்மா?" என்று கேட்டிருந்தது.

அவளுடைய மாமனார் குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர். இளவயதில் மாலை நேரங்களில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் பாடினார் என்பதும், ஒரே ஓர் இசைத்தட்டு வந்தது என்பதும், வீடு மாறும்போது அது உடைந்தது என்பதும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான், அப்படிப் பாடிய மனிதர் பிறகு ஏன் பேச்சையே குறைத்துக்கொண்டார் என்பது. வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி இருப்பார். குழாய் ஒழுகுகிறது என்பதைக்கூடச் சொல்ல மாட்டார், ஒரு வாளியைக் கொண்டுவந்து அதற்குக் கீழே வைப்பார்.

ஆனால் மாமியாரோடு மட்டும் பேசுவார். அதுவும் யாருக்கும் புரியாத ஒரு மொழியில். உப்பு கேட்பது, கதவைச் சாத்தச் சொல்வது, சண்டை போடுவது, சமாதானமாவது எல்லாம் அதில்தான் நடக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் கேட்டிருக்கிறாள். "கப்பல் சமையக்காரர் ஒருத்தர்கிட்ட இவரு கத்துக்கிட்டது. ஏதோ தூரத்துத் தீவு" என்றார் மாமியார். அதோடு விட்டுவிட்டாள். ஊரெல்லாம் மொழி தேடி அலைகிறவள், தன் வீட்டுச் சமையலறையில் புழங்கும் மொழிக்குக் குறி என்ன என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தாள். நல்ல கொள்கைதான். ஆனால் காலை வாரிவிட்டது.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மாமா பாட்டு கெடச்சிருச்சு!" என்று கூவிக்கொண்டேதான் வீட்டுக்குள் வந்தாள்.

மாமனாருக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. மாமியார் அவர் தலையில் தட்டிக்கொண்டே, "எந்தப் பாட்டு? அந்தப் பாட்டா?" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அதே பாட்டுதான் அத்தை. தலைவருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அரிய மொழிப் பாட்டு நேரத்துல போடலாம்னு சொல்லிட்டாரு. மொழிக் குறி மட்டும்தான் பாக்கி. அந்த மொழிக்குப் பேரு என்ன?"

"லெனூபா" என்றார் மாமியார், தன் பிறந்த ஊரைச் சொல்வது போல.

அந்த நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. அரிய மொழியில் ஒரு பாட்டுப் போட்டால், அந்த மொழி பேசுகிறவர்கள் நிலையத்துக்குப் போன் செய்யலாம், தங்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசலாம். மாமியார் அந்த நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பவர். அவருக்கு உடனே பொறி தட்டியது.

"அப்போ லெனூபாக்காரங்க போன் பண்ணுவாங்கல்ல?"

"பண்ணுவாங்க... பண்ணலாம்."

"எடுத்துப் பேச உங்க ஆபீஸ்ல யாருக்குடி லெனூபா தெரியும்? நான் வரேன். எத்தனை வருஷமா இந்த மனுஷன்கிட்ட மட்டுமே பேசிப் பேசி வாயி துருப்பிடிச்சுப் போச்சு. பேசுறதுக்கு எவ்வளவு சேத்து வச்சிருக்கேன் தெரியுமா? அதுல பாதி இவரப் பத்தித்தான். இவரோட மொழியிலயே இவரப் பத்தி இன்னொருத்தர்கிட்ட குறை சொல்லணும். அப்பதான் என் மனசு ஆறும்."

மாமனார் மெதுவாக எழுந்து துணி காயப்போடும் பின்கட்டுக்குப் போனார். போகும்போது மருமகளைக் கண்ணால் கூப்பிட்டார்.

கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம். "அது மொழியே இல்லம்மா."

அதற்குப் பிறகு, அவளிடம் முதல் முறையாக, அவர் நிறுத்தாமல் பேசினார்.

"பதிவு பண்ண அன்னைக்குப் பாட்டு எழுதுறவன் வரல. ஸ்டுடியோவுல நேரம் ஓடுது, வாத்தியக்காரங்க முறைக்கிறாங்க. மெட்டு இருக்கு, வார்த்தை இல்ல. வாயில வந்தத பாடிட்டேன். அப்புறம் உங்க அத்தை. பக்கத்துத் தெருதான். ரெக்கார்டக் கேட்டுட்டு வந்து, 'என்ன அர்த்தம்?'னு கேட்டா. அந்த முகத்தப் பாத்துட்டு அர்த்தம் இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. 'நீ சிரிச்சா ஊர் விளக்கெல்லாம் அணைஞ்சிரும்'னு சொன்னேன்."

"சரி மாமா, பாட்டுக்கு அர்த்தம் சொன்னீங்க. நாள் பூரா அதுல எப்படிப் பேசுறீங்க?"

"அவ விட்டாதானே! மறுநாளே வந்து, 'பால் பொங்கிருச்சுங்கிறத எப்படிச் சொல்வாங்க?'ன்னா. ஏதோ சொன்னேன். அடுத்த நாள் செருப்பு. அதுக்கடுத்த நாள் இடியாம். நான் சொன்னத நான் மறந்துருவேன், அவ மறக்க மாட்டா. ஒரு தடவ குடைக்கு வேற வார்த்தை சொல்லிட்டேன். கண்கொத்திப் பாம்பு மாதிரி பிடிச்சுக்கிட்டா. 'தீவோட வடக்குப் பக்கம் அப்படித்தான் சொல்வாங்க'ன்னு சமாளிச்சேன். இப்ப அந்த வடக்குப் பக்கத்து வார்த்தையையும் நான் ஞாபகம் வச்சுக்க வேண்டியிருக்கு."

"லெனூபான்னு பேரு?"

"கேட்டப்போ எதிர்ல ஒரு பம்பு இருந்துச்சு. அதுல பாதி அழிஞ்ச எழுத்து."

மூணெழுத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தாள். பிறகு அத்தை சேர்த்து வைத்திருக்கும் பேச்சு நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது. பாட்டு ஒலிபரப்பாகும். அத்தை போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாரும் கூப்பிட மாட்டார்கள், ஏனென்றால் கூப்பிட யாருமே இல்லை.

"சொல்லிடுங்க மாமா."

"எந்த வாயால?" என்றார் அவர். அதோடு அவருடைய ஒரு வருடத்துப் பேச்சு தீர்ந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் அந்த மொழிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டை நிறுத்திவிடலாம் என்றால் தலைவர் அதற்குள் நிகழ்ச்சி விளம்பரத்தில் அதைப் போட்டுவிட்டார், மாமியார் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். 'மொழி இல்லை' என்று ஒரு குறி இருக்கிறது, வாத்திய இசைக்கும் வெறும் முனகலுக்கும் போடுவது. நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் போட வேண்டும். போட்டால் சின்னம்மா ஊரறிய, "அடுத்து வருவது மொழியற்ற பாடல்" என்பாள். அதைக் கேட்க அத்தை புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார். சரி, ஏதாவது தூரத்துத் தீவு மொழியின் குறியைப் போடலாமா? கை அந்தப் பக்கம் போகவே மறுத்தது. சீட்டிப் பாட்டுக்காகத் தலைவரைப் படாத பாடு படுத்தியவள் அவள்தான். பொய்க் குறி போட்டு மூணெழுத்து என்ற பெயரை எப்படி வைத்துக்கொள்வது?

யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம். கடைசியில், கட்டத்தை நிரப்ப அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். ஆளைப் பிடித்துக் கேட்க வைப்பது.

அன்று மாலை சமையலறையில் மாமியாரிடம், "அத்தை, 'குடை நனைஞ்சிருக்கு, ஆனா நான் மழையில போகல'ன்னு லெனூபால எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். மாமியார் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கடகடவென்று சொன்னார். நேராகப் பின்கட்டுக்குப் போய் மாமனாரிடம் அதையே கேட்டாள். அவர் துண்டை உதறிக்கொண்டே சொன்னார். அட்சரம் பிசகாமல் அதே. அவள் விடவில்லை. கடன் வாங்கிய ஏணி, கோபித்துக்கொண்ட தையல்காரர், வேகாத உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். இரண்டு பேர், இரண்டு இடம், ஒரே பதில். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாமனார் தடுமாறினார், அதையும் மாமியார் ஜன்னல் வழியாகத் திருத்திவிட்டார்.

ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரிகிறது. சண்டை போட முடிகிறது, சமாதானமாக முடிகிறது, குறை சொல்ல முடிகிறது. இதற்கு மேல் ஒரு மொழிக்கு என்ன வேண்டும்? பாட்டுப் பதிவான அன்றைக்கு அது மொழி இல்லை, சரி. இன்றைக்கு இல்லை என்று சொல்ல மூணெழுத்துக்கு நா எழவில்லை. பொய் சொல்ல ஆரம்பித்த ஒரு மனிதர் அதைக் காப்பாற்றப் போய் உண்மையாகவே ஒரு மொழியைக் கட்டிவிட்டார் என்று நினைத்தபோது, அந்தக் குழாய்க்காரர் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

குறிப் பட்டியலில் ஓர் ஓரம் உண்டு. எந்த மொழிக்கும் கொடுக்காமல், 'அவரவர் இடத்துத் தேவைக்கு' என்று சில குறிகளைச் சும்மா ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இடம் கிடைக்காத மொழி யார் கைக்காவது வந்தால் அவர்களே ஒன்றை எடுத்துப் பேர் வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருட வேலையில் அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. அன்று போனாள். முதலில் இருந்த குறியை எடுத்து, அதற்கு நேராக 'லெனூபா' என்று எழுதி, பாட்டின் கட்டத்தில் போட்டாள். எந்தப் பொய்யும் சொல்லாத திருப்தியோடு டீ குடிக்கப் போனாள்.

டீ பாதியில் ஆறிப்போனது. குறி கிடைத்துவிட்டது. போன் வராதே, அதற்கு என்ன செய்வது?

ஒலிபரப்பு நாளில் மாமியார் தலையைப் படிய வாரி, கைப்பையோடு வந்து இறங்கினார். மாமனார் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டுமாம். மாமியாரை நிலையத்தின் போன் மேசையில் உட்கார வைத்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சேர்த்து வைத்ததையெல்லாம் உதட்டசைவில் ஒரு முறை ஒத்திகை பார்த்தார்.

"அடுத்து வருவது லெனூபா மொழிப் பாடல்" என்றாள் சின்னம்மா, ஆயிரம் முறை சொன்னவள் போல.

பாட்டு வந்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் சின்னம்மா போன் எண்ணைச் சொன்னாள். மாமியார் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார். போன் பேசாமல் இருந்தது.

மூணெழுத்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டு போனது. அதற்கடுத்ததும் போனது. மாமியார் கைப்பையின் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

போன் மணியடித்தது. பாய்ந்து எடுத்தார். யாரோ ஒருவர் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். மறுபடியும் மணியடித்தது. இந்த முறை எவனோ ஒரு குறும்புக்காரன் வாய்க்கு வந்ததை 'டுபு டுபு' என்று உளறினான். மாமியார் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இது லெனூபா இல்ல. மொழி தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். வாயில வந்தத எல்லாம் பேசினா மொழி ஆயிருமா?" என்று வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடியப் போகிற நேரம். மாமியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்த மூணெழுத்து நகம் கடிப்பதை நிறுத்தினாள். உண்மையைச் சொல்லிவிடுவோம், திட்டினாலும் பரவாயில்லை என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

போன் மணியடித்தது.

மாமியார் எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, தோளில் மாட்டிய கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் விட்டு விட்டு, திக்கித் திக்கிப் பேசுவது மட்டும் மருமகளுக்கு லேசாகக் கேட்டது. மாமியார் ஒரு வார்த்தை கேட்டார். பதில் வந்தது. மறுபடி அதையே கேட்டார், இன்னும் அழுத்தமாக. மறுபடியும் பதில் வந்தது. பிறகு மாமியார் பேச ஆரம்பித்தார். லெனூபாவில் அவ்வளவு நீளமாக ஒருவர் பேசி மூணெழுத்து கேட்டதே இல்லை. குரல் உயர்ந்தது, இறங்கியது, ஓர் இடத்தில் அழுகை வந்தது, ஓர் இடத்தில் சிரிப்பு வந்தது, மேசையை ஒரு தட்டுத் தட்டினார். சின்னம்மா நிகழ்ச்சியை முடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போன பிறகும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு அத்தை?" என்றாள் மருமகள், பயந்துகொண்டே.

"லெனூபாக்காரர்தான். அந்தத் தீவுல ஒரே ஒரு ஆளாம். வேற யாரும் எப்பவுமே இருந்ததில்லையாம்."

"கோவமா அத்தை?"

"பின்ன இல்லாம? நல்லா ஏமாந்திருக்கேன். இத்தனை வருஷமா அவரப் பத்தி யார்கிட்டயோ சொல்லணும்னு சேத்து வச்சிருந்தேன் பாரு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம அவர்கிட்டயே சொல்லிட்டேன். மூச்சுக் காட்டாம கேட்டாரு."

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் நடந்தார். மருமகள் கூடவே ஓடினாள்.

"பாவம், சொல்ல வரல அவருக்கு" என்றார் மாமியார், நடந்துகொண்டே. "பொய்ங்கிறதுக்கு லெனூபால வார்த்தை கிடையாது. நான் கேட்டதும் இல்ல, அவரு சொன்னதும் இல்ல. இப்ப போன்லதான் தட்டுத் தடுமாறிப் புதுசா ஒண்ணு சொன்னாரு."

"என்ன வார்த்தை அத்தை?"

மாமியார் நின்றார். மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கெதுக்குடி அது? அத பேசுறதே நாங்க ரெண்டு பேருதான். எங்களுக்குள்ள இருக்கட்டும்."